குடை, ஏணி, எலுமிச்சை, சீப்பு, மணல்

எனக்குக் குதிகால் வலி. இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே பாடம் எடுத்தவளுக்கு அது வராமலிருந்தால்தான் ஆச்சரியம். காலையில் முதல் அடி வைக்கும்போது தரையில் ஆணி முளைத்திருப்பது போல இருக்கும். பத்து அடி நடந்தால் பழகிவிடும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆணிதான். ஆகையால், விசாரணை அதிகாரி ஐயா, நீங்கள் நாற்காலியைக் காட்டியும் நான் உட்காராததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாக்குமூலத்தையும் உங்கள் இரும்பு அலமாரியின் மேல் தாளை வைத்து நின்றபடியேதான் எழுதுகிறேன். உயரம் வாகாக இருக்கிறது. கை தானாக ஓடுகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதற்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வாரத்தைப் போலச் சந்தோஷமான மூன்று வாரம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. அதை மறைத்தால் வாக்குமூலம் பொய்யாகிவிடும்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு என்னுடையது. முப்பத்து நான்கு பெண்கள். லாரியில் சுமை இறக்குகிறவர், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர், கட்டடத்தில் சாந்துச் சட்டி தூக்குகிறவர் என்று இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். ஒரு வரி படிக்கச் சொன்னால் மூட்டையைத் தோளுக்கு ஏற்றப் போவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 'பி பிரிவா?' என்று ஆசிரியர் அறையில் கேட்டுவிட்டு யாராவது பெருமூச்சு விடுவார்கள். ஆனால் கால்கள் இருக்கின்றனவே, அவை வேறு. பள்ளியின் கால்பந்து அணியில் பதினொரு பேரில் ஒன்பது பேர் என் வகுப்பு. கோல்கீப்பர் என் வகுப்பு. அவள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் எல்லோரும் அவளைப் பூட்டு என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு மாற்று கோல்கீப்பராகப் பெஞ்சில் உட்காருகிறவளும் என் வகுப்புதான். அவள் முழங்கை உயரம் இருப்பாள், வாய் மட்டும் ஓயாது. அவள் கொசு.

அந்தக் கட்டுரை இந்த வழியாகத்தான் என்னிடம் வந்தது. இறுதிப் போட்டிக்கு முன்னால் எல்லா வீராங்கனைகளும் அதைப் படித்து வகுப்பில் விவாதித்திருக்க வேண்டும் என்று போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பியிருந்தார்கள். 'தலையில் அடி: மைதானத்தில் முதல் பத்து நிமிடம்' என்று தலைப்பு. இரண்டு பக்கம், ஆறு பத்தி. பள்ளி நர்ஸம்மா தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொரு பிரதியை விளையாட்டு மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர் இரண்டு விரலால் பிடித்து என் மேசையில் வைத்தார்.

"படிக்கிற சமாச்சாரமெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சர்? நீங்களே பார்த்துக்குங்க. நான் ஓட விடுறேன், நீங்க படிக்க விடுங்க."

அதே வாரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வகுப்பைப் பார்வையிட வருவதாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. பி பிரிவுக்குப் பிடித்த விஷயத்தில், பி பிரிவுக்குத் தெரிந்த விஷயத்தில், ஒரு கட்டுரை. இப்படி ஒன்று மறுபடி வாய்க்காது.

முதல் நாளே வகுப்பு கொதித்தது. மண்டை ஓட்டுக்குள் மூளை, பாத்திரத்தில் வைத்த கூழ் போலத் தளும்பி ஓட்டில் மோதும் என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. பூட்டு எழுந்து அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"எல்லாருக்கும் தளும்புமா டீச்சர்?"

"எல்லாருக்கும்தான்."

"எப்படி டீச்சர்? உள்ள இருந்தாத்தானே தளும்பும்," என்றாள் கொசு. "பூட்டுக்கு அடிச்சா டங்குன்னுதான் சத்தம் வரும்."

"உனக்கு அடிச்சா சத்தமே வராதுடி. அடிக்க இடமே இல்ல," என்றாள் பூட்டு.

முப்பத்து நான்கு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பி பிரிவு ஒரு கட்டுரையைப் பற்றிச் சிரிப்பது அதுவே முதல் தடவை என்று அவருக்குத் தெரியாது.

விவாதத்துக்கு ஒரு விதி வைத்தேன். கையைத் தூக்க வேண்டும். கூப்பிட்ட பிறகு பேச வேண்டும். முதலில் கருத்து, அடுத்து ஆதாரம், கடைசியில் முடிவு. மூன்றும் இல்லாமல் வாயைத் திறந்தால் நான் காது கேளாதவள் போல ஜன்னலைப் பார்ப்பேன். அதற்கும் சிரிப்பார்கள். ஒரே வாரத்தில், வீட்டில் பல் தேய்க்கச் சொன்னால்கூடக் கருத்து, ஆதாரம், முடிவு என்று பேசுகிறார்கள் என ஒரு தாய் வந்து முறையிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான்காம், ஐந்தாம் பத்திகளில்தான் சோதனை இருந்தது. தலையில் அடிபட்டவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று. இது எந்த மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக எந்த அணி கோல் போட்டது. பிறகு, மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு, ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். மாதிரிக்கு ஐந்து சொற்கள் அச்சிட்டிருந்தார்கள்: குடை, ஏணி, எலுமிச்சை, சீப்பு, மணல்.

ஐயா, நான் இருபத்தாறு வருடம் ஆசிரியை. என் முன்னால் ஒரு கேள்வியை வைத்தால் என் கை தானாகவே விடையைத் தேடும். அது என் பிழைப்பு. அந்தச் சொற்களுக்குக் கைதட்டல் வைத்தேன். குடை என்றால் ஒரு தட்டு, ஏணிக்கு ஒரு தட்டு, எலுமிச்சைக்கு இரண்டு, சீப்புக்கு ஒன்று, மணலுக்கு மேசையில் உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. மூன்றாம் நாள் வகுப்பே ஓர் இயந்திரம் போல ஓடியது. மாதங்களுக்குத் தொடையில் தாளம். டிசம்பரிலிருந்து ஜனவரிவரை ஒரே மூச்சில். ஆகஸ்டில் மட்டும் பூட்டு எப்போதும் நின்றுவிடுவாள். அவள் தடுமாறும்போதெல்லாம் நான் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவேன், ஆகஸ்ட் வந்துவிடும்.

மைதானக் கேள்விகளுக்கு மனப்பாடம் உதவாது அல்லவா. அதற்கும் வழி சொல்லிக் கொடுத்தேன். "விடை எப்பவும் எங்கேயோ எழுதித்தான் இருக்கும். எங்கேன்னு தெரிஞ்சவதான் நல்ல மாணவி. மைதானத்துல எங்க எழுதியிருக்கும்?"

கொசு கையைத் தூக்கினாள். "ஸ்கோர் பலகையில டீச்சர். மைதானம் பேரு மேல இருக்கும். முதல் பாதி, ரெண்டாம் பாதி, எத்தனை கோல், எல்லாம் அதுலதான். கருத்து முடிஞ்சது. ஆதாரம், நான் எப்பவும் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன், வேற எதைப் பார்க்கிறது? முடிவு, பலகையைப் பார்த்துட்டுப் பதில் சொல்லணும்."

அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். என் அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். நான் பன்னிரண்டு வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், ஏழாம் அடுக்கிலிருந்து ஒரு மூட்டை சரிந்து அவர் பிடரியில் விழுந்தது. உட்கார்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். மேஸ்திரி வந்து விரலைக் காட்டி, "இது எத்தனைப்பா?" என்றார். அப்பா "மூணு" என்றார். "ஒண்ணும் இல்ல, எந்திரி." அவ்வளவுதான். எழுந்தார், மிச்ச மூட்டையைத் தூக்கினார், கூலியை வாங்கிக்கொண்டு வந்தார், அன்றும் எங்கள் அடுப்பு எரிந்தது.

மேஸ்திரி எப்போதும் மூன்று விரல்தான் காட்டுவார். கிடங்கில் எல்லோருக்கும் அது தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குத் தலைத்துண்டு கட்டச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிக் கொடுப்பார்கள். சோதனை என்பதை நான் அங்கேதான் கற்றேன். அது நம்மை வீட்டுக்கு அனுப்புவதற்காக வைப்பது. விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவள் பிழைப்பாள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்தெட்டு வயதில் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு பேசுவார், வீட்டு வாசலில் நின்று இது யார் வீடு என்று கேட்பார். அது வேறு விஷயம். உழைத்த உடம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும்.

அதிகாரி அம்மா வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையில் எனது பாடத்தாளை வைத்துக்கொண்டு, பூட்டை எழுப்பினார். பூட்டு குடையில் ஆரம்பித்து மணலில் முடித்தாள். மாதங்களைச் சொன்னாள். ஆகஸ்டில் நான் தொடையில் தட்டியதை யாரும் பார்க்கவில்லை. பிறகு கொசு, மறைக்கப்பட்ட காயத்தின் அபாயம் பற்றிக் கருத்து, ஆதாரம், முடிவோடு மூன்று நிமிடம் பேசினாள். அதிகாரி அம்மா கைதட்டினார். தலைமையாசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மணி அடித்ததும் நான் ஆசிரியைகளின் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். ஐம்பத்திரண்டு வயதில். குதிகால் வலிக்கவே இல்லை.

அடுத்த நாள் தேர்வு வைத்தேன். பத்துக் கேள்வி, இருபது மதிப்பெண். பூட்டு இருபதுக்கு இருபது. அவள் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து எந்தப் பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்கியது இல்லை. தாளை மடித்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், வழியில் மழை பெய்தால் நனையக் கூடாது என்று. கொசு பத்தொன்பது. ஒரு மதிப்பெண் நான் குறைத்தேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு நர்ஸம்மா வந்தார்.

"டீச்சர், அந்தத் தாளை எங்கயோ வெச்சுட்டேன். மைதானத்துக்கு நான்தானே போகணும், கையில இல்லாட்டி திட்டுவாங்க. உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமா?"

இருந்தது. கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, சின்னதாத்தான் இருக்கு," என்றார். ஐந்து பத்தி.

போட்டி மதியம் மூன்று மணிக்கு. வெயிலில் கண் கூசியது. முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதி முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது பூட்டு ஒரு பந்துக்குப் பக்கவாட்டில் பாய்ந்தாள். பந்தைத் தட்டிவிட்டாள். தலை கம்பத்தில் போய் மோதியது. காலி வாளியைச் சுவரில் இடித்தது போல ஒரு சத்தம். டங்கென்று. எனக்கு ஒரு கணம் கொசுவின் ஜோக் ஞாபகம் வந்து உதடு அசைந்தது.

நர்ஸம்மா ஓடினார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பூட்டு உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. நர்ஸம்மா தாளை விரித்துப் படித்தார்.

"இது எந்த மைதானம்மா?"

பூட்டு மெல்லத் தலையைத் திருப்பி ஸ்கோர் பலகையைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிச் சொன்னாள். முதல் பாதியா இரண்டாம் பாதியா? பலகையைப் பார்த்தாள். இரண்டாம் பாதி. கோல்? எங்க டீம், ஒண்ணு. ஐயா, ஆயிரம் பேர் சுற்றி நிற்க, என் மாணவி விடை எழுதியிருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வாசித்தாள். எந்த ஆசிரியைக்கு இது கிடைக்கும்? நர்ஸம்மா ஐந்து சொற்களைப் படிக்க ஆரம்பித்தார். 'குடை' என்றுதான் சொன்னார். மிச்ச நான்கையும் பூட்டே சொல்லிவிட்டாள், புல்லைத் தட்டிக்கொண்டு, கடைசியில் உள்ளங்கையால் தரையைத் தேய்த்து. நர்ஸம்மா வியந்துபோனார். மாதங்கள். டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர். நின்றாள். கண் எங்கேயோ போனது. ரொம்ப நேரம் அடுத்த மாதம் வரவில்லை.

நான் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஆகஸ்ட்," என்றாள்.

"நல்லா இருக்கா, ஒண்ணும் இல்ல," என்றார் நர்ஸம்மா, மாஸ்டரைப் பார்த்து. மாஸ்டர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் பூட்டுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று கேட்டாள்.

"டீச்சர், இன்னும் எத்தனை பீரியட் இருக்கு?"

"ஒண்ணுதான்மா," என்றேன். "ரொம்ப நல்லா சொன்னே."

நான் பெஞ்சுக்குத் திரும்பியபோது கொசு கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். காதோடு ஒட்டி, நேராக, நான் கற்றுக்கொடுத்தபடி. நான் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டு, பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், அவளை வெளிய கூப்பிடுங்க. அவளுக்குச் சரியில்ல."

"இது கருத்து. ஆதாரம்?"

"நம்ம கோல் எந்தப் பக்கம்னு என்கிட்ட சைகையில கேட்கிறா டீச்சர். கையுறையை மாத்திப் போட்டிருக்கா, பாருங்க."

பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தாள்.

"அவ வெளிய வந்தா யாரு இறங்குவா?" என்றேன்.

"நான்தான்."

"அப்ப உன் கருத்துல உனக்கு லாபம் இருக்கில்ல? அதை நாம என்னன்னு படிச்சோம்? முழுசா யோசிச்சு, முடிவோட சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு விதியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்று, பூட்டு என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வெளியே வாடி, வெளியே வாடி என்று. அதுவரை அந்தப் பெயரை வருகைப் பதிவுக்கு வெளியே நான் கேட்டதில்லை. மாஸ்டர் அவளை அதட்டி உட்கார வைத்தார். நான் ஜன்னலைத் தேடினேன். மைதானத்தில் ஜன்னல் இல்லை, ஆகையால் ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

அதிலிருந்து நான்காவது நிமிடத்தில் ஓர் உயரப் பந்து வந்தது. பூட்டு தாமதமாகக் கிளம்பினாள். எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. பெரிய அடி இல்லை. கிடங்கில் அதைவிடப் பெரிதாக எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையை ஊன்றாமல் விழுந்தாள். நர்ஸம்மா தாளோடு ஓடினார். இந்த முறை பதில் சொல்ல அவளுக்கு நினைவு இல்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள்தான் ஜெயித்தோம். கோப்பை தலைமையாசிரியை அறையில் இருக்கிறது.

பதினொரு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பூட்டு கண் திறந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். வேலையை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். ஒரே அறை. ஒரு பக்கம் பிறருடைய சட்டைகள் மடித்து மடித்து அடுக்கி, மறுபக்கம் கட்டிலில் பூட்டு, சுவரில் சாய்ந்து. இருபதுக்கு இருபது வாங்கிய தாளைத் தலைக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். ஷூவில் மடித்த கோடு இன்னும் இருந்தது. யார் வந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை என்றார் அம்மா. பேச்சும் இல்லை.

நான் சும்மா, எப்படி இருக்கிறாள் பார்க்கலாம் என்று, கையை ஒரு தட்டுத் தட்டினேன்.

"குடை," என்றாள் பூட்டு.

ஏணி. எலுமிச்சை. சீப்பு. போர்வையில் உள்ளங்கையைத் தேய்த்து, மணல். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன இடத்தில் என் பாடம் நின்றிருக்கிறது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நிதானமாக வந்து என் முன்னால் நின்றார்.

"டீச்சர், அவ என்னை அம்மான்னு கூப்பிட்டு ரெண்டு மாசமாச்சு. அதுக்கும் ஒரு கைதட்டு இருந்தா தட்டுங்க."

அதற்கு நான் பாடம் எடுக்கவில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பழங்களைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது ஆறாவது பத்தி. மேசையில் நீங்கள் வைத்திருக்கும் நர்ஸம்மாவின் தாளில் அது இல்லை, மூலத்தில் இருக்கிறது. அதை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். நகல் எடுக்கும்போது விழுந்துவிட்டதா என்று கேட்டு எனக்கு ஒரு வழி காட்டினீர்கள். நன்றி. விழவில்லை. கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். என் பேனாப் பெட்டியில் அந்தத் துண்டு மடித்தபடி இருக்கிறது, இத்துடன் குத்தி வைக்கிறேன். சோதனைச் சொற்களை வீராங்கனைகளுக்கு முன்கூட்டிச் சொல்லித் தரக் கூடாது, ஒவ்வொரு முறையும் வேறு சொற்களைக் கேட்க வேண்டும், எல்லா விடையும் சரியாக இருந்தாலும் தலையில் அடிபட்டவரை அன்று மறுபடி இறக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. முதல் நாளே படித்தேன். இரண்டு முறை படித்தேன். கைதட்டல் வைப்பதற்கு முன்னால். கற்றதைக் கற்றிருக்கக் கூடாது என்று சொல்கிற ஒரு பத்தியை எந்தப் பிள்ளைக்கு எப்படி நடத்துவது? பாடம் ஐந்து பத்தியோடு அழகாக முடிந்தது. பூட்டு சொன்னது விடை இல்லை, பாடம் என்று மைதானத்தில் எனக்குத் தெரியும். எத்தனை பீரியட் என்று அவள் கேட்டபோதும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். அவ்வளவு அழகாகச் சொன்னவளைத் தோற்றவளாக வெளியே கூட்டி வர எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று பாக்கி. தேர்வில் பத்தாவது கேள்வி: 'உங்கள் தோழி அடிபட்டதை மறைத்து விளையாடினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.' கொசு ஒரே வரி எழுதியிருந்தாள். 'டீச்சரிடம் சொல்வேன், டீச்சர் கேட்கவில்லை என்றால் கத்துவேன்.' ஐந்து வரி இல்லை என்பதால் சிவப்பு மையில் ஒன்று குறைத்தேன். நேற்று உட்கார்ந்து யோசித்தபோது அந்த விடை முழுமையானதுதான் என்று எனக்குப் பட்டது. என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுங்கள், ஆனால் அதற்குள் மதிப்பெண் பதிவேட்டை ஒரு முறை என்னிடம் கொடுத்துவிடுங்கள். நான் யாருக்கும் கடன் வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை. கொசுவுக்கு ஒரு மதிப்பெண் தர வேண்டியிருக்கிறது.